மேட்டுப் பக்கம் மூடிய பிறைகள்

1. சுண்ணாம்பும் சாம்பலும்

மூன்று நாள் பயிற்சிக்காக அனுராதபுரம் போய்விட்டு வந்த மறுநாள் காலை, ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் ஒரு குளத்துக் கிராமத்தின் தரவையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு சுற்றிப் பார்த்தேன். தரவை என்றால் ஊர் மாடுகள் மேயும் பொதுவெளி. அங்கே நான் விட்டுப்போனது நூற்றெண்பது அரைவட்டங்கள். இப்போது என் கண்முன்னால் கிடந்தவை நூற்றெண்பது முழு வட்டங்கள்.

ஒவ்வொன்றும் கயிறு பிடித்துக் கீறியதுபோல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, உண்மையிலேயே கயிறு பிடித்துத்தான் கீறியிருக்கிறார்கள். நான் பாதி வட்டத்துக்குச் சுண்ணாம்பு போட்டிருந்தேன். மற்றப் பாதிக்குச் சுண்ணாம்பு இல்லாததால் வீடுகளில் இருந்து அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் மண் அணைத்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, வட்டத்தை அழகாக முடித்து வைத்திருந்தார்கள்.

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவரான சிவபாதம் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார்.

“எப்பிடி மிஸ் எங்கட வேலை?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. கத்தினேன்.

மண், நீர்ப் பாதுகாப்பு வேலையில் இருபத்தெட்டு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள் நான். வீடு பளையில், வேலை கிளிநொச்சி மாவட்டம் முழுக்க. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு நல்ல அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல அனுபவம் என்றால் வெற்றிக்கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் பிழைவிட்ட கதையைத் தருகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

2. யோகம் வைத்த கெடு

இந்த வேலை ஏன் தொடங்கியது என்று முதலில் சொல்லவேண்டும்.

மழைக்காலத்தில் வன்னியில் புல்லுக்குப் பஞ்சமா என்று வெளியில் இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். பஞ்சம்தான். ஐப்பசியில் காலபோக நெல் விதைத்தால் மாசியில் அறுவடை முடியும்வரை வயல்வெளிக்குள் மாடு கால் வைக்கக் கூடாது. முன்னர் அந்த மாதங்களில் மாட்டுப் பட்டிகளைக் காட்டுப் பக்கம் மேயச் சாய்த்துவிடுவார்கள். இப்போது அங்கே வனத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. உள்ளே போனால் வழக்கு. மிஞ்சியிருப்பது குளத்துக்குப் பின்னால் உள்ள தரவை ஒன்றுதான். அதிலும் ஆறு ஏக்கரில் வீதி போடுவதற்காகக் கிரவல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மேல்மண் போன நிலம் சீமெந்துத் தரைபோல இறுகிக் கிடந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடையில் விழும். அடுத்த நாளே புழுதி பறக்கும்.

அந்த வருடப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். விதைப்புக்கு எந்தத் திகதி, குளத்தை எப்போது திறப்பது, மாடுகளை எந்தத் திகதிக்குள் வயலில் இருந்து அகற்றவேண்டும் என்றெல்லாம் அங்கேதான் முடிவெடுப்பார்கள். மாட்டுத் திகதி வந்ததும் பின்வரிசையில் இருந்து யோகம் எழும்பினாள். நாற்பது வயது. இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். போர் முடிந்து மீள்குடியேறியபோது உதவியாகக் கிடைத்த இரண்டு பசுக்களில் தொடங்கி, முப்பத்தொரு மாடுகள் கொண்ட பட்டியாகப் பெருக்கியிருந்தாள். ஒவ்வொன்றின் தொடையிலும் ‘யோ’ என்று குறி சுட்டிருக்கும்.

“திகதி வையுங்கோ. நான் மாட்டை எடுக்கிறன். ஆனால் எங்க கொண்டு போறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றாள்.

“போன வருசம் என்ர வயலுக்க உன்ர மாடு நாலு தரம் வந்தது பிள்ளை,” என்றார் சிவபாதம் அண்ணை.

“பசிச்சால் வரும்தானே அண்ணை. மாட்டுக்கு உங்கட கூட்டத் திகதி தெரியுமே?”

கூட்டம் சிரித்தது. யோகம் சிரிக்கவில்லை.

“வவுனியாவில ஒரு வியாபாரி முழுப் பட்டியையும் கேக்கிறார். கார்த்திகை விளக்கீட்டுக்குள்ள தரவையில புல்லு வராட்டி நான் குடுத்திடுவன். எலும்பும் தோலுமா நிக்கிறதை இன்னொரு மாரிக்குப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.”

திகதிப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லை. அறுவடை முடிந்தபிறகு யோகத்தின் பட்டியை ஆளுக்கு ஆள் தங்கள் வயலில் அடைக்கச் சொல்லிக் கேட்பார்கள். முப்பத்தொரு மாட்டின் எருவும் மூத்திரமும் இரண்டு இரவு ஒரு வயலில் விழுந்தால் அந்த மண்ணே வேறு. பட்டி போனால் எருவும் போய்விடும். எல்லோருக்கும் அது உறைத்தது.

அப்போதுதான் நான் எழும்பி, “பிறை வெட்டிப் பாப்பம்,” என்றேன்.

3. பிறை என்றால்

வேலை மிக எளிது. சரிவான வெற்று நிலத்தில் பன்னிரண்டு அடி அகலத்தில் பிறை வடிவாக ஒரு குழி. அரை முழ ஆழம் போதும். வெட்டிய மண்ணை முழுக்கப் பள்ளத்துப் பக்கம் வரம்பாகக் கட்டவேண்டும். மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். மேலே விழும் மழை ஓடிவந்து திறந்த வாயால் உள்ளே நுழையும், வரம்பில் முட்டி நிற்கும், மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். கூடினால் பிறையின் இரு நுனியாலும் வழிந்து கீழ் வரிசைப் பிறைக்குப் போகும். குழிக்குள் கினிப்புல் வேர்க்கட்டைகளை நட்டுவிட்டால் புல் தானாக எழும்பும்.

மட்டம் பார்ப்பதற்கு மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் போதும். நானும் யோகமும் இரண்டு நாள் குழாய் பிடித்து, ஆப்பு அடித்து, சுண்ணாம்பு போட்டோம். யோகம் ஒரு முனையில் நின்று, “ஏறுது மிஸ், இன்னும் கொஞ்சம் பதியுங்கோ,” என்று கத்துவாள். நான் மறுமுனையில் குந்தி எழும்பிக் குந்தி எழும்பி இடுப்பைத் தேய்த்துக்கொண்டேன்.

முழுத் தீவனமும் இதில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. வைக்கலோடு சேர்த்து மாசி வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் கணக்கு.

ஊரில் உள்ள அறுபது குடும்பமும் சிரமதானத்துக்கு வர ஒத்துக்கொண்டது. முதல்நாள் நானும் நின்றேன். இருபது பிறை சரியாக வந்தது. அடுத்த நாள் பயிற்சிக்குப் போகவேண்டும். ஒரு கடதாசியில் பிறையைக் கீறி அளவுகளைக் குறித்து சிவபாதம் அண்ணையின் கையில் கொடுத்து, “மிச்சத்தை ஒழுங்கா முடிச்சு வையுங்கோ அண்ணை,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் விட்ட பிழை இங்கேதான் இருக்கிறது. கடதாசியில் பிறை இருந்தது, அளவு இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும் என்று ஒரு சின்ன அம்புக்குறிகூட இல்லை.

4. மழைக்கு எதிராக வேலி

“ஆர் இதை மூடச் சொன்னது?” என்று கத்தினேன் என்று சொன்னேன் அல்லவா. சிவபாதம் அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் மிஸ், பிழையே? மூண்டு நாளும் நிண்டு முடிச்சனாங்கள். ரெண்டு நாள் எண்டுதான் கதை. சனம் ஒரு நாள் கூட வந்தது. நீங்கள் வெட்டின இருவதையும் சேத்து மூடிக் குடுத்திருக்கிறம்.”

“அதைத்தான் கேக்கிறன், ஏன் மூடினீங்கள்?”

“பாதி வரம்போட விடேலுமே? உலகத்தில எந்தக் கமக்காரன் பாதி வரம்பு கட்டுவான்? றோட்டால போறவன் பாத்தால், சிவபாதத்தின்ர ஆக்கள் அரைகுறையா விட்டிட்டு ஓடிட்டாங்கள் எண்டு சொல்லமாட்டானே?”

அவர் குடும்பம் குடாநாட்டில் இருந்து குளத்துக் காணி கிடைத்து வந்த குடும்பம். அவருடைய வயல் வரம்பைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கட்டுவார்கள். அவருக்கு வரம்பு என்றால் நாலு பக்கமும் மூடியிருக்கவேண்டும். வாய்க்கால் தண்ணீரைத் தேவைக்குத் திறந்துவிட்டு, உள்ளே வந்ததை ஒரு சொட்டும் போகாமல் மறித்து வைக்கும் பழக்கம். வானத்தண்ணீர் தானாகச் சரிவில் ஓடிவரும், அதற்கு வாசல் விடவேண்டும் என்பது வயல்காரருக்குத் தோன்றாத விசயம். தோன்றவில்லை என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நான்தானே சொல்லாமல் போனேன்.

வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்க் கானை எடுத்து, ஒரு வட்டத்துக்கு மேலே நின்று ஊற்றினேன். தண்ணீர் ஓடிவந்தது. அவர்கள் தட்டித் தட்டி உறுதியாகக் கட்டிய மேல்வரம்பில் முட்டியது. இரண்டாகப் பிரிந்து வட்டத்தைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விட்டது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.

சிவபாதம் அண்ணை அந்த ஈரக்கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து போய்த் திரும்பி வந்தார். நிலத்தில் அப்படியே குந்தினார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

“ஐயோ மிஸ், அப்ப நாங்கள் மூண்டு நாளா மழைக்கெல்லோ வேலி போட்டிருக்கிறம்!”

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்துத் திரும்பினால் யோகம் வேர்க்கட்டைக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்தபடி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“நாளைக்கு மழை எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள்,” என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. முதல் மழையைத் தவறவிட்டால் நட்ட புல் வேர்பிடிக்காது. வேர்பிடிக்காவிட்டால் விளக்கீட்டுக்குள் ஒன்றும் வராது.

5. மழையோடு வெட்டியது

ஆட்களைத் திரும்பச் சேர்ப்பது இலேசான காரியம் இல்லை. மழை வருகிறது என்றால் ஊரே விதைப்பில் நிற்கும். சிவபாதம் அண்ணைக்கும் அடுத்த நாள்தான் விதைப்பு. உழவுக்கு லாண்ட்மாஸ்டர் மெசினை வாடகைக்குப் பிடித்து, விதைநெல்லையும் ஆயத்தமாக வைத்திருந்தார்.

அடுத்த நாள் காலையில் நான் போகும்போது தரவையில் யோகமும் மூத்த மகளும் மட்டும் நிற்பார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் சிவபாதம் அண்ணையும் இன்னும் ஆறு பேரும் மண்வெட்டியோடு நிற்கிறார்கள்.

“விதைப்பு?” என்று கேட்டேன்.

“லாண்ட்மாஸ்டர்க்காரனை நாலு நாள் கழிச்சு வரச் சொல்லிட்டன். நான் மூடினதை நான்தானே திறக்கவேணும்.”

ஒவ்வொரு வட்டத்திலும் மேல்வரம்பை வழித்து எடுத்து, அந்த மண்ணைக் கீழ்வரம்பில் போடவேண்டும். கிரவல் மண். காய்ந்து இறுகிவிட்டது. மண்வெட்டி பட்டால் கிணுங்கென்று தெறித்தது. இரும்பு அலவாங்கால் குத்திக் குத்திப் பெயர்த்தோம். மத்தியானம் வரைக்கும் நாற்பதுகூடத் திறக்கவில்லை. “என்ன உறுதி பாத்தியளே எங்கட வேலை,” என்று அண்ணை மூச்சுவாங்கிக்கொண்டு பகிடி விட்டார்.

இரண்டு மணிபோல வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அதற்குப் பிறகுதான் வேலையே ஓடியது. மண் இளகிவிட்டது. மண்வெட்டி வைத்த இடத்தில் இறங்கியது. எங்கே வெட்டவேண்டும் என்று யோசிக்கவும் தேவை இல்லை. தண்ணீரே வந்து மேல்வரம்பில் முட்டி நின்று இடம் காட்டியது. நாங்கள் வெட்டினோம், அது உள்ளே போனது.

யோகம் முதலாவது பிறை நிரம்பியதைப் பார்த்துக் கத்திய சத்தம் குளக்கட்டு வரை கேட்டிருக்கும்.

“மிஸ்! குடிக்குது! இஞ்ச வந்து பாருங்கோ, நிலம் குடிக்குது!”

அதற்குப் பிறகு ஒருவருக்கும் கை ஓயவில்லை. ஒன்று திறந்ததும் ஓடிப்போய் அடுத்தது. யோகத்தின் மகள் பின்னாலேயே வந்து சேற்றுக்குள் வேர்க்கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தாள். நான் இரண்டு தரம் விழுந்து எழும்பினேன். அலுவலகச் சப்பாத்து ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை.

நாலரை மணிக்கு இடிமின்னல் தொடங்கியது. வெளியில் மண்வெட்டி பிடித்துக்கொண்டு நிற்பது புத்தியில்லை. “ஓடுங்கோ!” என்று நான்தான் கத்தினேன். கடைசி வரிசையில் இருபத்து மூன்று வட்டங்கள் மூடினபடியே கிடந்தன. அன்றிரவு பெய்த மழை அந்த வருடத்திலேயே நல்ல மழை.

6. பெரியவர் வந்த நாள்

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். புல் வளரும்வரை மாட்டைத் தரவைக்குள் விடக்கூடாது என்பது என் நிபந்தனை. யோகம் முப்பத்தொன்றையும் வீட்டு வளவுக்குள் அடைத்து வைத்து, வீதியோரப் புல்லை அறுத்துப் போட்டுச் சமாளித்தாள். மாடுகள் மெலிந்தன. அவளும் மெலிந்தாள். ஒரு நாள் நான் போகும்போது வாசல் படலையடியில் சிவபாதம் அண்ணையின் வைக்கல் ஒரு லாண்ட்மாஸ்டர்ப் பெட்டி நிறைய இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்திருந்தார். இறக்கிவிட்டுப் போனார்.

ஐந்தாம் கிழமை எங்கள் அலுவலகத்துப் பெரியவர், பிரதிப் பணிப்பாளர், இரண்டு விருந்தினர்களோடு வேலையைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பிறைகளுக்குள் புல் முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. பார்த்த இடமெல்லாம் பச்சைப் பிறையாக இருந்தது. எனக்கு நடையே மாறிவிட்டது. அந்தப் பெருமையோடு போய்க்கொண்டிருக்கும்போது பெரியவர் கடைசி வரிசையில் நின்றார். மூடிய இருபத்து மூன்றும் மொட்டையாகக் கிடந்தன. ஆங்காங்கே நாலு மயிர்போலப் புல்.

“இது கொன்ட்ரோல் ப்ளொட்டா மிஸ்? திறந்தது, மூடினது ரெண்டையும் பக்கத்தில வச்சு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறீங்கள். நல்ல யோசனை!”

என் தலை தானாக ஆடத் தொடங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அரைவாசி ஆமோதித்தும்விட்டேன். பக்கத்தில் நின்ற சிவபாதம் அண்ணைதான் தொண்டையைச் செருமினார்.

“இல்லை சேர், அது இடி இடிச்சதால நாங்கள் ஓடின இடம்.”

முழுக் கதையும் வெளியில் வந்தது. சாம்பல், கயிறு, மழைக்குப் போட்ட வேலி எல்லாம். வந்த விருந்தினர்கள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, இதை அப்பிடியே அறிக்கையில எழுதுங்கோ. இந்த இருபத்து மூண்டையும் மூடினபடி வையுங்கோ, வாற ஆக்களுக்குக் காட்ட,” என்றார். பிறகு வந்த எத்தனையோ பயிற்சிகளில் நான் படம் கீறிக் களைக்கவில்லை. கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடைசி வரிசையைக் காட்டுவேன். ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

7. விளக்கீட்டுக்கு முதல்நாள்

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஊர்ச் சனத்துக்கு ஒரு வடிவத்தைக் கீறிக் கொடுத்து, வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர்கள் கை பழகிய மாதிரித்தான் அதை முடிப்பார்கள். அக்கறையோடு முடிப்பார்கள், அக்கறையாலேயே பிழையாய்ப் போகும். முதலில் ஒரு கான் தண்ணீரை மேட்டில் ஊற்றி அது எங்கே போகிறது என்று அவர்களையே பார்க்க வையுங்கள். அதன்பிறகு நீங்கள் பயிற்சிக்குப் போனாலும் சரி, பளைக்குப் போய்ப் படுத்தாலும் சரி, வேலை சரியாக நடக்கும். பிழை நடந்தாலும் முதலில் உங்கள் கடதாசியை எடுத்துப் பாருங்கள். நான் அன்று கத்திய கத்துக்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

விளக்கீட்டுக்கு முதல்நாள் காலை பட்டியைத் தரவைக்குள் விட்டோம். ஒரேயடியாக விட்டால் இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும் என்று மேல் இரண்டு வரிசையை மட்டும் திறந்து, மற்றதைக் கயிறு கட்டி மறித்தோம். கயிற்றின் ஒரு முனையைச் சிவபாதம் அண்ணை பிடித்தார். யோகம் முன்னால் வந்த மூத்த பசுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மீள்குடியேறியபோது கிடைத்த இரண்டில் அது ஒன்று. அது பிறைக்குள் இறங்கி மூக்கை வைத்து மணந்து பார்த்தது. பிறகு குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மற்றவையும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. முப்பத்தொரு மாடு ஒன்றாகப் புல்லைப் பறிக்கும் சத்தம் தரவை முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

யோகத்தின் கைப்பேசி அடித்தது. வியாபாரி. லொறியை நாளைக்குக் கொண்டுவரட்டா, நாளையிண்டைக்குக் கொண்டுவரட்டா என்று அவர் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. யோகம் மாடுகளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லொறி வேண்டாம் அண்ணை,” என்றாள். “மாடு சாப்பிடுது.”